எழுதி என்ன ஆகப்போகிறது?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட மாலைக் கூட்டத்தில் மௌலவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

 

சகோதரர்களே! எந்த ஊருக்குப் போனாலும் இப்போது என்னிடம் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது. "ஹஜ்ரத், எம்.பி.க்கு எழுது என்கிறீர்கள், எம்.எல்.ஏ.வைப் பார் என்கிறீர்கள். எழுதி என்ன ஆகப்போகிறது?"

கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் சும்மா இருந்துவிட்டுக் கேட்பவர்கள் அல்லர், ஓடிக் களைத்தவர்கள். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பெண்கள் கைக்குழந்தையோடு தெருவில் அமர்ந்தார்கள். இருந்தும் 2024 மார்ச் 11-ல் அதன் விதிகள் வெளியிடப்பட்டன. 2024 ஆகஸ்ட் 8-ல் வக்ஃப் திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. கூட்டுக்குழு கருத்துக் கேட்டது. மனுக்கள் மலையாகக் குவிந்தன. 2025 மார்ச் 27-ல் நமது சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. இருந்தும் ஏப்ரல் 3-ஆம் நாள் நள்ளிரவு கடந்து மக்களவையில் 288-க்கு 232 என்றும், மறுநாள் மாநிலங்களவையில் 128-க்கு 95 என்றும் அது நிறைவேறிவிட்டது. இத்தனைக்கும் பிறகு "எழுதி என்ன ஆகப்போகிறது" என்று ஒரு தம்பி கேட்டால், அவனைக் கோழை என்று சொல்வது நியாயமல்ல. அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

ஹுதைபிய்யாவில் நடந்தது என்ன?

சோர்வு நமக்கு மட்டும் வந்ததா? ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். உம்ரா செய்வதற்காக இஹ்ராம் உடுத்தி, சுமார் 1,400 தோழர்கள் மக்காவின் வாசல்வரை போய்விட்டார்கள். உள்ளே விடவில்லை. ஹுதைபிய்யாவில் ஒப்பந்தம் எழுதப்படுகிறது. ஒவ்வொரு நிபந்தனையும் தோல்வியாகத் தெரிகிறது. விலங்கோடு தப்பி வந்த அபூ ஜந்தல் (ரலி) கண்ணெதிரே திருப்பி அனுப்பப்படுகிறார். உமர் (ரலி) அவர்களைப் போன்றவர்களுக்கே நெஞ்சு பொறுக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும், குர்பானியை அறுத்துத் தலைமுடியைக் களையுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்கிறார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை! உயிரைக் கொடுக்கத் தயாரானவர்கள், சோர்வினால் எழ முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது வழி சொன்னது யார்? அன்னை உம்மு ஸலமா (ரலி). "யாரிடமும் பேசாதீர்கள், நீங்கள் போய் உங்கள் பிராணியை அறுங்கள்" என்ற கருத்தில் அவர்கள் ஆலோசனை சொன்னார்கள். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைப் பார்த்துத் தோழர்கள் அனைவரும் எழுந்துவிட்டார்கள்.

இதில் எனக்குக் கிடைக்கும் பாடம் இதுதான். சோர்ந்த கூட்டத்தை மேடைப் பேச்சு எழுப்பாது. ஒருவர் எழுந்து அடுத்து செய்யவேண்டிய வேலையைச் செய்தால், மற்றவர்கள் எழுவார்கள். தோல்வி என்று நினைத்த அந்த ஒப்பந்தத்திற்குப் பிறகு இரண்டே ஆண்டுகளில் மக்காவின் வாசல் திறந்தது.

1948-ல் இருந்ததைவிடவா இருட்டு?

நம் மண்ணின் வரலாற்றைப் பாருங்கள். நாடு பிரிந்துவிட்டது. "இனி உங்களுக்கு அரசியல் எதற்கு?" என்று கேட்கப்பட்ட நேரம். செல்வமும் செல்வாக்கும் உள்ளவர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் 1948 மார்ச் 10-ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் சென்னை மண்டபத்தில் காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் அவர்கள் மக்களைக் கூட்டி, ஜனநாயக வழியில் அரசியலைத் தொடர்வது என்று முடிவெடுத்தார்கள். வணிகர்களே, அவர்களும் தோல் வணிகத் துறையில் இருந்தவர்கள்தாம்!

அரசியல் நிர்ணய சபையில் அவர்களுக்கு என்ன நடந்தது? 1948 நவம்பர் 23-ல் பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு வந்தபோது, தனியார் சட்டத்திற்குப் பாதுகாப்புக் கேட்டு அவர்களும், போக்கர் சாஹிப் போன்றவர்களும் திருத்தங்கள் கொண்டுவந்தார்கள். தோற்றன. தனித்தொகுதி கேட்டார்கள். அதுவும் தோற்றது. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, நம் தமிழுக்காக எழுந்து பேசினார்கள். அதிலும் சபை வேறு முடிவுதான் எடுத்தது. மனிதர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாரா? 1952-ல் மாநிலங்களவை, பிறகு 1962, 1967, 1971 மூன்று தேர்தல்களிலும் மஞ்சேரி மக்கள் அவர்களை மக்களவைக்கு அனுப்பினார்கள். அன்று அவர்கள் தோற்ற வாதங்கள் நாடாளுமன்றப் பதிவேட்டில் இருக்கின்றன. இன்றுவரை வழக்கறிஞர்கள் அவற்றை எடுத்துப் படிக்கிறார்கள். பேசாமல் இருந்திருந்தால் "முஸ்லிம்கள் ஆட்சேபிக்கவே இல்லை" என்றல்லவா வரலாறு எழுதப்பட்டிருக்கும்?

தடா எப்படிப் போனது?

"அதெல்லாம் பழைய காலம்" என்பீர்கள். சரி, இங்கே அமர்ந்திருக்கும் நடுத்தர வயதினர் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 1992 டிசம்பர் 6-ல் பாபரி பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டுகளில் 'தடா' என்ற சொல்லைக் கேட்டாலே வீடுகளில் விளக்கு அணைந்துவிடும். ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். 1985-ல் வந்த அந்தச் சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 1994 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் "இந்தச் சட்டம் செல்லும்" என்று சொல்லிவிட்டது. நீதிமன்றக் கதவும் மூடிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது, 1993-ல்தான் உருவாகியிருந்த தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா என்ன செய்தார் தெரியுமா? 1995 பிப்ரவரியில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினார்! "தடாவை நீட்டிக்காதீர்கள்" என்று காரணங்களோடு எழுதினார். 1995 மே 23-ல் தடா காலாவதியானது. நீட்டிக்கப்படவில்லை.

ஒரே கடிதத்தால் தடா போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அது பொய். ஆண்டுக்கணக்கில் மனித உரிமை அமைப்புகள் அறிக்கை போட்டன. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கின. அன்றைய ஆளுங்கட்சிக்கு மாநிலத் தேர்தல்களில் அடி விழுந்தது. எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஏற்கெனவே போடப்பட்ட வழக்குகள் அதற்குப் பிறகும் நடந்தன என்பதும் உண்மை. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். நீதிமன்றம் "செல்லும்" என்று சொன்ன பிறகு மீதியிருந்த கதவு எது? மக்கள் பிரதிநிதியின் கதவு! அதைத் தட்டியவர்கள் இருந்ததால்தான் அது திறந்தது.

வக்ஃப் விஷயத்திலும் அப்படித்தான். எழுதியது வீண் என்று யார் சொன்னது? 232 பேர் எதிர்த்து வாக்களித்தார்களே, அத்தனை பேரும் முஸ்லிம்களா? 2024-ல் மக்களவைக்குத் தேர்வான முஸ்லிம்களே 24 பேர்தாம். மற்ற 200-க்கும் மேற்பட்டவர்கள் நம் மாற்றுமத சகோதரர்கள். கூட்டுக்குழுவின் 31 பேரில் தமிழகத்தைச் சேர்ந்த ஆ.ராசா, எம்.எம்.அப்துல்லா ஆகியோரும் இருந்தார்கள். பிறகு 2025 செப்டம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம், ஐந்தாண்டுகள் முஸ்லிமாக வாழ்ந்தவர்தான் வக்ஃப் செய்யலாம் என்ற விதியையும், ஆட்சியரின் கையில் சொத்துரிமை முடிவைத் தந்த விதிகளையும் நிறுத்திவைத்தது. சட்டம் முழுவதும் நிறுத்தப்படவில்லை. கிடைத்தது கொஞ்சம்தான். ஆனாலும் அதைச் சும்மா கிடைத்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

கொடி பிடித்தோம், பத்திரம் தேடினோமா?

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 6-ல் வக்ஃப் சொத்துக்களைப் பதிவேற்றும் 'உமீத்' இணையதளம் திறக்கப்பட்டது. ஆறு மாத அவகாசம். கண்டனக் கூட்டத்திற்கு வேன் வேனாகப் போன எத்தனை மஹல்லாக்களில், தங்கள் பள்ளிவாசலின் பட்டா எங்கே என்று கேட்டபோது பதில் கிடைத்தது? 'அ' பதிவேட்டின் நகல் இருக்கிறதா? புல வரைபடம் இருக்கிறதா? அரசிதழில் நம் சொத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது? முத்தவல்லியைக் கேட்டால் "பழைய முத்தவல்லி வீட்டுப் பீரோவில் இருக்கும்" என்கிறார்!

கண்டனக் கூட்டம் ஒரு மாலை நேரத்து வேலை. பத்திரத்தைத் தேடி எடுப்பது ஆறு மாத வேலை. நான் போராட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. வீதியில் நின்றவனுக்குத்தான் அதிகாரி நாற்காலி போடுகிறான் என்பதும் உண்மை. ஆனால் நாற்காலி போட்டபின் உட்கார்ந்து நீட்டுவதற்குக் கையில் காகிதம் வேண்டாமா?

எந்த வேலைக்கு எந்தக் கதவு?

நம்மவர்களில் பலர் சாக்கடை அடைத்தால் எம்.பி.யிடம் போகிறார்கள். ரயில் நிற்கவில்லை என்றால் கவுன்சிலரிடம் சொல்கிறார்கள். பிறகு "யாரும் ஒன்றும் செய்வதில்லை" என்று திண்ணையில் அமர்ந்து புலம்புகிறார்கள். கவனமாகக் கேளுங்கள்.

தெருவிளக்கு, குப்பை, குடிநீர், சாக்கடை என்றால் வார்டு உறுப்பினரும் நகராட்சி ஆணையரும். ரேஷன் கடை, அரசுப் பள்ளி, அரசுப் பேருந்து, பட்டா, காவல் நிலையம் என்றால் சட்டமன்ற உறுப்பினர். ரயில், தேசிய நெடுஞ்சாலை, பாஸ்போர்ட், வங்கி, மத்திய அரசின் கல்வி உதவித்தொகை என்றால் நாடாளுமன்ற உறுப்பினர். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்குத் தொகுதி மேம்பாட்டுப் பணிகளைப் பரிந்துரைக்கும் உரிமை இருக்கிறது. நம் மாநில எம்.எல்.ஏ.க்களுக்கும் தனி நிதி இருக்கிறது. நம் தெருவுக்கு அதிலிருந்து என்ன கேட்டோம்?

வணிகர்களே! ஜி.எஸ்.டி. விகிதம் உங்கள் வயிற்றில் அடிக்கிறது என்கிறீர்கள். அந்த விகிதத்தை முடிவு செய்வது ஜி.எஸ்.டி. கவுன்சில். அதில் ஒவ்வொரு மாநில அமைச்சரும் உறுப்பினர். வாக்கின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுக்கு. ஆகவே உங்கள் கடிதம் டெல்லிக்கு மட்டும் போனால் போதாது. மாநில நிதியமைச்சருக்கும் போகவேண்டும். பிளாட்பாரக் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்கவேண்டும். உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா? இருந்தால் அதில் யார் இருக்கிறார்கள்?

மாணவர்களே! நாடாளுமன்றக் கேள்வி என்பது சாதாரணமானதல்ல. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 நட்சத்திரக் குறியில்லாத கேள்விகளும் இடம்பெறுகின்றன. அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்படுகிறது என்பது 2022 டிசம்பரில் எப்படி வெளியே வந்தது? மக்களவையில் ஓர் எம்.பி. கேட்ட கேள்விக்கு வந்த எழுத்துப்பூர்வமான பதிலில்தான்! உங்களுக்கு உதவித்தொகை வரவில்லையா? தொகை, விண்ணப்ப எண், தேதி எல்லாம் எழுதி எம்.பி.யிடம் கொடுங்கள். "இதை நாடாளுமன்றத்தில் கேளுங்கள்" என்று சொல்லுங்கள்.

இவை தவிர, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு இருக்கிறது. பதில் வரவில்லையா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் "என் மனு எந்த அதிகாரியிடம், எந்த நாளிலிருந்து இருக்கிறது?" என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு.

மனு எப்படி எழுதுவது?

ஒரு மனுவில் ஒரே ஒரு விஷயம். ஒரு பக்கத்திற்குள். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் வாசகத்தை அப்படியே நகல் எடுக்காமல், உங்கள் தெருவின் கதையை உங்கள் சொல்லில் எழுதுங்கள். பெயர், கதவு எண், தெரு, தொலைபேசி எண் தெளிவாக இருக்கட்டும். அந்தத் தொகுதி வாக்காளர் என்பதைச் சொல்லுங்கள். கடைசியில் "ஆவன செய்க" என்று மட்டும் முடிக்காதீர்கள். என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள்: இந்தக் கேள்வியைக் கேளுங்கள், இந்த அதிகாரிக்குக் கடிதம் கொடுங்கள், இந்த மசோதாவை எதிர்த்து வாக்களியுங்கள். திட்டாதீர்கள். ஃபிர்அவ்னிடம் போன மூஸா (அலை) அவர்களுக்கே மென்மையாகப் பேசும்படி அல்லாஹ் கட்டளையிட்டான். நம் எம்.எல்.ஏ. ஃபிர்அவ்னைவிட மோசமானவரா?

ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள். நகலைக் கோப்பில் வையுங்கள். 30 நாள் கழித்து நினைவூட்டுக் கடிதம். வேலை நடந்தால் நன்றிக் கடிதம். குறை சொல்ல வருபவர்களையே பார்த்துப் பழகிய மனிதருக்கு ஒரு நன்றிக் கடிதம் வந்தால் அவர் உங்களை மறக்கமாட்டார்.

இன்னொன்று. பொன்னாடையை விடுங்கள்! தேர்தல் வெற்றி, பிறந்தநாள், இஃப்தார் என்று எதற்கெடுத்தாலும் பொன்னாடை, ஒரு புகைப்படம். அடுத்த நாள் அது கடையில் சட்டம் போட்டு மாட்டப்படுகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் கையில் ஒரு மனு இருந்ததா?

எனக்குத் தெரிந்த ஒரு கடலோர ஊர். மழைக்காலத்தில் ஜனாஸாவை முழங்கால் தண்ணீரில் சுமந்துகொண்டுதான் கபரஸ்தானுக்குப் போகவேண்டும். ஜமாஅத்தார் வாக்களித்தது ஒரு கட்சிக்கு. வென்றது வேறு கட்சி. "அவரிடம் எப்படிப் போவது?" என்று பெரியவர்கள் தயங்கினார்கள். பெட்டிக்கடை வைத்திருந்த ஓர் இளைஞர் போனார். படம், வரைபடம், தெருவாசிகள் கையெழுத்து, எல்லாம் வைத்துக் கொடுத்தார். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதை ஓர் அலுவலகம் தொலைத்துவிட்டது. மூன்றாவதற்கு "நிதி இல்லை" என்று பதில் வந்தது. நான்காவதோடு அந்தத் தெரு வழியாக வயலுக்குப் போகும் மாற்றுமத சகோதரர்களின் கையெழுத்தையும் சேர்த்தார். இரண்டு மழைக்காலம் கழிந்து, சிறு பாலமும் சிமெண்ட் பாதையும் வந்தன. அந்த எம்.எல்.ஏ. இன்று அந்தத் தெருவுக்கு வந்தால் முதலில் அந்தத் தம்பியின் கடையில்தான் தேநீர் குடிக்கிறார்.

"பெயர் கொடுத்தால் ஆபத்து வருமோ?"

இளைஞர்கள் என்னிடம் மெதுவாகக் கேட்கும் கேள்வி இது. "ஹஜ்ரத், மனுவில் பெயர், போன் நம்பர் எல்லாம் கொடுத்தால், நாளைக்கு ஏதாவது லிஸ்டில் சேர்த்துவிடுவார்களா?" தாய்மார்களுக்கும் இந்தப் பயம் இருக்கிறது. அது காரணமில்லாத பயமல்ல. நம் வீடுகள் பட்ட பாடு அப்படி.

ஆனால் தம்பிகளே, யோசித்துப் பாருங்கள். பிரதிநிதியிடம் மனுக் கொடுப்பது சட்டம் தந்த உரிமை. பட்டப்பகலில், பெயர் போட்டு, முத்திரை வாங்கி, நகல் வைத்துச் செய்யும் காரியம். வெளிப்படையாக இருப்பதே அதன் பாதுகாப்பு. மாறாக, வழி தெரியாமல் மனதுக்குள் புகைகிறானே ஓர் இளைஞன், அவனைத்தான் யாரோ ஒருவன் தூண்டிவிட முடியும். அவன் ஒரு வார்த்தை எழுதிவிட்டால் குடும்பமே நீதிமன்றப் படிக்கட்டில் நிற்கும். தனியாகப் போக அஞ்சினால் ஐந்து பேராகப் போங்கள். ஜமாஅத் தலைவரையும், பக்கத்துக் கடை அண்ணாச்சியையும் கூட்டிப் போங்கள்.

வணிகர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். நபித்துவத்திற்கு முன்பு, யமன் தேசத்து ஸபீத் நகர வணிகர் ஒருவரிடம் சரக்கு வாங்கிய குறைஷித் தலைவர் காசு கொடுக்கவில்லை. அந்த வெளியூர்க்காரர் அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று, ஊரார் கேட்கத் தன் குறையைச் சொன்னார். அதைக் கேட்டு அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் வீட்டில் கூடி, பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் துணை நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். சரக்கு மீட்கப்பட்டது. ஹில்ஃபுல் ஃபுளூல் என்னும் அந்த உடன்படிக்கையில் இளைஞராக இருந்த நம் நபியவர்களும் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பிறகும், அதுபோன்ற ஒன்றுக்கு அழைத்தால் வருவேன் என்ற கருத்தில் சொன்னார்கள். ஆகவே நமக்கு மட்டும் நியாயம் கேட்பது சுன்னத்தல்ல. பக்கத்துத் தெரு தலித் சகோதரனின் சுடுகாட்டுப் பாதைக்கும் நம் மனுவில் கையெழுத்து இருக்கட்டும்.

இந்த வாரமே செய்யவேண்டியது

2011 கணக்குப்படி தமிழகத்தில் நாம் 5.86 சதவீதம். எல்லா இடத்திலும் நம்மவர் வெல்ல முடியாது. ஆகவே வென்றவர் யாரானாலும் அவர் நம் பிரதிநிதிதான். வாக்களித்தோமா இல்லையா என்பது வாக்குச்சாவடியோடு முடிந்தது.

அந்த வாக்காவது பத்திரமாக இருக்கிறதா? சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, 2025 டிசம்பர் 19-ல் வெளியான தமிழக வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. உங்கள் வீட்டில் எல்லோருடைய பெயரும் பட்டியலில் இருக்கிறதா? இன்றிரவே பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6. பிழை இருந்தால் படிவம் 8. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்கு படிவம் 6ஏ இருக்கிறது. பெயர் இல்லாதவனின் மனுவை எந்த எம்.எல்.ஏ. மதிப்பான்?

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஏழு பேர் எழுந்திருங்கள். அதில் இரண்டு பேர் சகோதரிகளாக இருக்கட்டும். ஹுதைபிய்யாவில் வழி சொன்னது ஒரு பெண் என்பதை மறக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வார்டு உறுப்பினர், எம்.எல்.ஏ., எம்.பி. அலுவலக முகவரிகளை முதல் பக்கத்தில் எழுதுங்கள். மாதத்திற்கு ஒரு மனு, ஒரு நேர்ச்சந்திப்பு. கொடுத்த தேதி, பெற்ற ஒப்புகை எண், வந்த பதில், அடுத்து செய்யவேண்டியது என்று எழுதி வாருங்கள். பள்ளிவாசல் பத்திரங்களின் நகலை மூன்று இடத்தில் வையுங்கள். வணிகர்கள் அஞ்சல் செலவையும் ஜெராக்ஸ் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டில் பன்னிரண்டு மனு. பத்து தோற்கட்டும், பரவாயில்லை. இரண்டு நடந்தால் அந்தத் தெருவில் பிள்ளைகள் வித்தியாசமாக வளர்வார்கள்.

பலன் தருவது அல்லாஹ்வின் கையில். முயற்சி செய்தோமா என்றுதான் நாளை நம்மிடம் கேட்கப்படும். எழுதுகிற கையையும், நியாயத்துக்காக நடக்கிற காலையும் வல்ல இறைவன் நமக்குத் தந்து, நம் சோர்வைப் போக்கி அருள்புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.